நான்கு சென்சார் மாற்றச் சொன்னார்கள், மாற்றியது ஒன்று

காடி 2009 டொயோட்டா வியோஸ், 1.5 லிட்டர், 1என்இசட்-எஃப்இ எஞ்சின், நான்கு கியர் ஆட்டோ. அக்காவுடையது. மலேசியாவின் சுங்கை சிப்புட் டௌனில் உள்ள வீட்டிலிருந்து ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போய் வருவதுதான் அதன் தினசரி வேலை, அங்கே பாலர் வகுப்பில் உதவியாளராக அக்கா இருக்கிறார். தார் ரோடு முடிந்ததும் செம்மண் பாதை. வெயில் அடித்தால் புழுதி, மழை பெய்தால் சேறு, எல்லாக் காலத்திலும் குழி. பாதையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் காடிக்கு வந்த மூன்று கோளாறுகளில் இரண்டு அந்தத் தோட்டத்திலிருந்து வந்தவை.

அக்கா சொன்ன புகார்கள் இவை. செம்மண் பாதையில் போகும்போது திடீரென்று இழுவை போய்விடுகிறது, எஞ்சின் விளக்கு எரிகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிறது, ஆனால் விளக்கு மட்டும் அணைவதில்லை. மத்தியானம் பள்ளி முடிந்து டௌனுக்குள் வந்து சிவப்பு விளக்கில் நின்றால் சில நாள் எஞ்சின் அப்படியே செத்துவிடுகிறது, ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. மூன்றாவது, கொஞ்ச மாதமாக எண்ணெய், அதாவது பெட்ரோல், அதிகம் குடிக்கிறது. மூன்றாவதை அக்கா புகாராகச் சொல்லவில்லை, நான் கேட்டபிறகுதான் சொன்னார். "அடிக்கடி எண்ணெய் அடிக்கிற மாதிரி இருக்குடா தம்பி, நான் விலை ஏறிடுச்சுனு நினைச்சேன்."

அதற்கு முன்பே மாமா காடியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தார். அங்கே ஸ்கேனர் போட்டுப் பார்த்து, ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது), கிராங்க் சென்சார் (எஞ்சினின் முக்கியத் தண்டு சுற்றுவதைப் பார்ப்பது), கேம் சென்சார் (வால்வுகளைத் திறக்கும் தண்டைப் பார்ப்பது), ஆக்ஸிஜன் சென்சார் (புகையைப் பார்ப்பது) என்று நான்கை எழுதி, கூலியோடு சேர்த்து ஒரு தொகையும் போட்டுக் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்தத் தாளில் இருந்த தொகை கிட்டத்தட்ட அதே அளவு. வயதான காடி, சென்சார் எல்லாம் போயிருக்கும், ஒரே அடியாக மாற்றிவிடுங்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. விட்டுவிட்டு வருகிற கோளாறைத் தேடுவதற்கு நேரம் ஆகும், பட்டறையில் அந்த நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, அதனால் ஸ்கேனரில் வரும் கோளாறு எண், கோட் என்பார்கள், அது எந்தச் சென்சார் பெயரைச் சொல்கிறதோ அதை மாற்றுவது பழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தக் காசு அக்காவின் காசு. அதனால்தான் காடியை என் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

என் வேலை செம்பனை ஆலையில், மீட்டர்களையும் சென்சார்களையும் பார்த்துக்கொள்வது. ஸ்டெரிலைசரில் 3 பார் நீராவி அழுத்தத்தில் பழக்குலை வேகும்போது வெப்பமானி திடீரென்று கன்னாபின்னாவென்று காட்டினால், நாங்கள் முதலில் திறப்பது வயர் இணையும் பெட்டியை. சென்சாரைக் கழற்றுவது அதற்கப்புறம்தான். காடிக்கும் அதே வழக்கத்தைத்தான் கொண்டுவந்தேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் மலிவான புளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகி ஃபோனில் படித்தபோது மூன்று கோட் இருந்தன: பி0102, பி0113, பி0335. கேம் சென்சாருக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கும் எந்தக் கோடும் இல்லை. கிராங்க் போனால் கேமும் கூடவே போகும் என்ற கணக்கில் ஒன்றும், எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்பதற்காக இன்னொன்றும் தாளில் சேர்ந்திருக்கின்றன என்று ஊகிக்கிறேன்.

இந்த மூன்று கோடும் உண்மையில் சொல்வது என்ன? பி0102 என்றால் ஏர்ஃப்ளோ சென்சார் சர்க்யூட்டில் சிக்னல் மிகக் குறைவு. பி0113 என்றால் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சர்க்யூட்டில் வோல்டேஜ் மிக அதிகம். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. மூன்றிலும் சர்க்யூட் என்றுதான் இருக்கிறது, சென்சார் செத்துவிட்டது என்று எந்தக் கோடும் சொல்லவில்லை. சர்க்யூட் என்றால் சென்சார், அதன் சாக்கெட், வயர், எர்த், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் எல்லாமே அடங்கும். எந்த இடத்தில் அறுந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஒன்றேதான்.

முதல் இரண்டு கோடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவுடனேயே பாதி விடை கிடைத்துவிட்டது. வியோஸில் காற்று வெப்ப சென்சார் தனியாக இல்லை. ஏர்ஃப்ளோ சென்சாரின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து ஐந்து வயர், ஒரே சாக்கெட். ஒன்று சூடான கம்பியைக் கொண்டு காற்றை அளக்கிறது, இன்னொன்று சூட்டுக்கு ஏற்ப மின் எதிர்ப்பு மாறும் வெறும் தெர்மிஸ்டர், இரண்டுக்கும் வேலை செய்யும் விதத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவை இரண்டும் ஒரே நாளில் கெடுவதைவிட, இரண்டுக்கும் பொதுவான சாக்கெட்டிலோ வயர்க் கட்டிலோ கோளாறு இருப்பதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். புது ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அந்தத் தாளில் போட்டிருந்த விலை நான்கிலேயே பெரியது.

கோட் விழுந்த நொடியில் எஞ்சின் எப்படி இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் ஒரு படம்போல எடுத்து வைத்திருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அதையும் கட்டாயம் பாருங்கள், பலர் கோடை மட்டும் படித்துவிட்டு அழித்துவிடுகிறார்கள், அதோடு அந்தத் தகவலும் போய்விடும். இந்தக் காடியில் இருந்த பதிவு: வேகம் மணிக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர், தண்ணீர்ச் சூடு தொண்ணூறைத் தாண்டியது, ஆக்சிலரேட்டர் லேசாக மிதித்த நிலை. சூடாகிவிட்ட எஞ்சின், மெதுவான ஓட்டம். அதாவது செம்மண் பாதை, குலுக்கல்.

நேரலை அளவுகளில் காற்று வெப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டேன். முப்பத்தெட்டு டிகிரி காட்டியது, சரியான அளவுதான். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து பின்னால் போகும் வயர்க் கட்டை விரலால் மெல்ல அசைத்தேன். சட்டென்று மைனஸ் 40. விட்டால் திரும்பவும் முப்பத்தெட்டு. மைனஸ் 40 என்பது டொயோட்டாவில் அந்தச் சர்க்யூட் அறுந்திருந்தால் வருகிற எண். தெர்மிஸ்டர் சூடு ஏற ஏற எதிர்ப்பைக் குறைத்துக்கொள்ளும், 20 டிகிரியில் 2.21 முதல் 2.69 கிலோ ஓம், 60 டிகிரியில் 0.5, 0.6 அளவுக்கு இறங்கிவிடும். வயர் அறுந்தால் எதிர்ப்பு எல்லையற்றதாகிறது, கம்ப்யூட்டர் அதைக் கடும் குளிர் என்று படிக்கிறது. ஏர்ஃப்ளோ அளவு போன நேரத்தில் எஞ்சின் சுற்றும் வேகத்தையும் திராட்டில் திறந்திருக்கும் அளவையும் வைத்துக் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாக ஓட்டும். அதனால்தான் காடி நிற்காமல், இழுவை மட்டும் போய், நகர்ந்துகொண்டிருந்தது.

வயர்க் கட்டின் மேல் டேப்பைப் பிரித்தபோது எலிப் பல். பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத வளைவில், மூன்று வயரின் தோல் போயிருந்தது. அவற்றில் ஒரு வயர் வெறும் இரண்டு மூன்று இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒன்று முழுதாக அறுந்து முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. சாக்கெட்டைக் கழற்றி, சாவியை ஆன் செய்து மல்டிமீட்டரால் பார்த்தேன். சென்சாருக்கு வரும் 12 வோல்ட், வயர்க் கட்டை அசைத்தால் போனது, வெப்ப சிக்னலுக்கான 5 வோல்ட்டும் அப்படியே. சென்சார் பக்கத்துக் கால்களில் தெர்மிஸ்டரை அளந்தால் அன்றைய வெயிலுக்கு ஏற்ற எதிர்ப்பு. சென்சார் நன்றாக இருக்கிறது.

எலி விஷயத்தில் தோட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குலை வெட்டும்போது சிந்தும் உதிரிப் பழம் எலிக்கு விருந்து, அதனால்தான் பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள், 1980களிலிருந்தே மலேசியாவில் நடக்கிற வேலை அது. அக்கா காடியை நிறுத்துவது பள்ளிக்குப் பின்னால், செம்பனை மரங்களின் ஓரத்தில். பானெட்டுக்குள் சூடு, இருட்டு, மறைவு எல்லாம் இருக்கிறது. எஞ்சின் மேல் மூடிக்குக் கீழே பழக்கொட்டைகூட இரண்டு கிடந்தது.

வயர் சேர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் சென்சார் மாற்றுவதைவிட இங்கேதான் வேலை கெடுகிறது. சும்மா முறுக்கி, கருப்பு டேப் சுற்றினால் நம் ஊர் ஈரத்தில் செம்பு பச்சை பூத்துவிடும், சில மாதத்தில் அதே கோளாறு இன்னும் கண்டுபிடிக்க முடியாத வடிவில் திரும்பும். கடித்த இடத்தை மட்டும் விட்டுவிடாமல் இரண்டு பக்கமும் செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வெட்டிக்கொண்டேன். அதே தடிமன் உள்ள காடி வயர், வீட்டு வயர் வேண்டாம், அதில் இழை குறைவு, அதிர்வில் முறியும். சுருங்கும் குழாயை முதலில் உள்ளே கோத்துவிட்டுத்தான் இணைக்கவேண்டும், சால்டர் செய்து, ஆறியபிறகு குழாயை நகர்த்திச் சூடுகாட்ட வேண்டும். மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி வைத்தால் கட்டு புடைக்காது, ஒன்றோடொன்று உரசவும் செய்யாது. கடைசியில் துணி டேப், அதன்மேல் நெளிகுழாய், அப்புறம் கட்டைப் பழைய கிளிப்பிலேயே மாட்டினேன், தொங்கவிடவில்லை. ஒரு வயரை முடித்தபிறகு அடுத்ததை வெட்டினேன், நிறம் குழம்பாமல் இருக்க அதுதான் வழி. இதெல்லாம் செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும்.

கோடுகளை அழித்துவிட்டு வயர்க் கட்டை நன்றாக ஆட்டிப் பார்த்தேன், மைனஸ் 40 வரவே இல்லை. பி0102, பி0113 இரண்டும் அதற்கப்புறம் திரும்பவில்லை.

பி0335 திரும்பியது. நல்ல வெயிலில் காடியை எடுத்துக்கொண்டு மாமாவும் நானும் டௌனைச் சுற்றினோம், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஓரமாக நிறுத்தி அணைத்து, பத்து நிமிடம் பானெட் மூடியபடியே விட்டோம். அணைத்த எஞ்சினில் தண்ணீர் ஓடாது, காற்றாடி வீசாது, அதனால் சூடு பக்கத்து உலோகங்களுக்கெல்லாம் ஏறும், சென்சார் கெடுவதாக இருந்தால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கெடும். மாமா ஸ்டார்ட் செய்தார், சுற்றியது, பிடிக்கவில்லை. "தம்பி, பாருங்க, இதேதான்!" என்றார். நான் ஃபோனில் ஆர்.பி.எம். அளவை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யம்.

இந்த ஒரு சோதனையை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும்போது, எஞ்சின் பிடிக்காவிட்டாலும், ஆர்.பி.எம். இருநூறை ஒட்டி ஏதாவது காட்டவேண்டும். அந்த எண் கிராங்க் சென்சாரிலிருந்து வருகிறது. எஞ்சின் சுற்றுவது காதில் கேட்கிறது, எண் பூஜ்யம் என்றால் கம்ப்யூட்டருக்கு எஞ்சின் சுற்றுவதே தெரியவில்லை. தெரியாவிட்டால் பெட்ரோலும் அடிக்காது, தீப்பொறியும் கொடுக்காது. பெட்ரோல் பம்பு போய்விட்டது, தீப்பொறி கொடுக்கும் காயில் போய்விட்டது என்று தேடவேண்டிய அவசியமில்லை.

ஆனால் இங்கேயும் வயரா சென்சாரா என்ற கேள்வி இருக்கிறது, முதல் கோளாறு எலியால் வந்தது என்றால் இதுவும் எலியாகவே இருக்கலாம் அல்லவா. 1என்இசட் எஞ்சினில் கிராங்க் சென்சார் கீழே, கிராங்க் புல்லிக்குப் பக்கத்தில், டைமிங் செயின் இருக்கும் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒரு காந்தமும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான். அதன் முன்னால் சுற்றும் பல்சக்கரத்தில் 36 பல்லுக்கான இடம், அதில் இரண்டு இல்லை, மீதி 34. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சுருளில் ஒரு சின்ன வோல்டேஜ் அலை எழும்பும், இரண்டு பல் இல்லாத இடைவெளியை வைத்துக் கம்ப்யூட்டர் கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும். டொயோட்டா கொடுக்கும் அளவு, குளிர்ந்த நிலையில் 985 முதல் 1,600 ஓம், சூடான நிலையில் 1,265 முதல் 1,890 ஓம்.

காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது வேலையை ஆரம்பித்தோம். என் வீட்டு வாசல் மண் தரை, அதனால் ஜேக்குக்குக் கீழே தடித்த பலகை, பின் சக்கரங்களுக்குக் கட்டை, தூக்கியபிறகு ஜேக் ஸ்டேண்ட். ஜேக்கை மட்டும் நம்பிக் காடிக்குக் கீழே தலையை விடக்கூடாது, பலகை இல்லாமல் ஈரமண்ணில் ஸ்டேண்டையும் நம்பக்கூடாது. வலது முன்சக்கரத்தைக் கழற்றி, கீழ்த் தடுப்புப் பிளாஸ்டிக்கின் கிளிப்புகளை எடுத்தால் சென்சார் தெரியும். செம்மண் சேறு காய்ந்து அப்பியிருந்தது, பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தபிறகுதான் கழற்றினேன், இல்லையென்றால் அந்த மண் சென்சார் துளை வழியாக எஞ்சினுக்குள் விழும். சாக்கெட்டைக் கழற்றி, 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று, அவ்வளவுதான். சென்சார் உடனே வராது, ரப்பர் வளையம் பல வருடமாக ஒட்டிப்போயிருக்கும். ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள், உடம்பு பிளாஸ்டிக், உடைந்து பாதி உள்ளே நின்றால் பெரிய வேலை. கொஞ்சம் துருப்பிடி நீக்கி அடித்து, இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி எடுத்தேன்.

கையில் எடுத்த சென்சாரைக் குளிர்ந்த நிலையில் அளந்தால் 1.25 கிலோ ஓம். அளவுக்குள்தான். பட்டறையில் இப்படி அளந்திருந்தால்கூட "சென்சார் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியிருப்பார்கள், அது அவர்கள் தவறும் இல்லை. சூட்டில் வரும் கோளாறைச் சூட்டில்தான் அளக்கவேண்டும். அதனால் அடுப்பில் தண்ணீர் வைத்தோம். சென்சாரை நீளமான பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மீட்டரின் இரண்டு வயரையும் மேலே விட்டு, பையின் வாய் தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி இறக்கினோம், பக்கத்தில் அக்கா சமையலறை வெப்பமானியைப் பிடித்துக்கொண்டார். சூடு ஏற ஏற எதிர்ப்பும் மெல்ல ஏறியது, 1.3, 1.4, அது இயல்பு. செம்பின் எதிர்ப்பு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும், 30 டிகிரியில் 1.25 என்றால் 80 டிகிரியில் 1.5 வரவேண்டும். எண்பதை நெருங்கும்போது எண் நடுங்க ஆரம்பித்தது, கொஞ்சம் தாண்டியதும் மீட்டர் ஒரே அடியாக அறுந்த நிலையைக் காட்டியது. வெளியே எடுத்து ஆறவைத்தோம், 1.25 திரும்பி வந்தது. மறுபடியும் இறக்கினால் மறுபடியும் அறுந்தது. உள்ளே கம்பிச் சுருளில் எங்கோ ஒரு முறிவு, சூட்டில் விரியும்போது விலகுகிறது, ஆறினால் ஒட்டுகிறது. அக்கா அந்த மீட்டரைப் பார்த்துவிட்டு, "இதுதான் என்னைய நடுரோட்டுல நிப்பாட்டுச்சா" என்றார். சென்சாரின் சொந்தக் கால்களிலேயே அளந்ததால் வயர்மேல் சந்தேகமே இல்லை, ஆனாலும் அந்த வயர்க் கட்டையும் முழுக்கத் தடவிப் பார்த்தேன், கடி இல்லை.

இது மாற்றவேண்டிய சென்சார். ஈப்போவில் உதிரிபாகக் கடையில் டென்சோ வாங்கினேன், டொயோட்டாவுக்கு இந்தச் சென்சாரைச் செய்து கொடுப்பதும் டென்சோதான். வெட்டியெடுத்த பழைய காடிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் பழையதும் கிடைக்கும், மலிவு, ஆனால் கம்பிச் சுருள் வயதாகிக் கெடுகிற பொருளுக்கு அதே வயதுள்ள இன்னொன்றை வாங்குவதில் அர்த்தமில்லை. பெயரே இல்லாத பெட்டியில் மிக மலிவாக வருவதையும் நான் தொடமாட்டேன், நடுரோட்டில் எஞ்சினை நிறுத்தக்கூடிய பாகம் இது. வாங்கின கையோடு கடையிலேயே மீட்டரை வைத்து அளந்துகொண்டேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

பொருத்துவது எளிது. துளையின் ஓரத்தைத் துடைத்து, புது ரப்பர் வளையத்தில் எஞ்சின் எண்ணெய் லேசாகத் தடவி, கையால் அழுத்தினால் முழுதாக உட்கார வேண்டும். உட்காராமல் போல்டை வைத்து இழுத்து உட்காரவைக்கக் கூடாது, போல்ட் போகும் சென்சாரின் காது உடையும். இந்தப் போல்டுக்கு 7.5 நியூட்டன் மீட்டர்தான், சின்ன ராட்செட்டை விரல்களால் பிடித்து இறுக்குகிற அளவு. இடைவெளி எதுவும் சரிசெய்ய வேண்டியதில்லை. சில கம்பெனிக் காடிகளில் கிராங்க் சென்சார் மாற்றினால் ஸ்கேனரை வைத்துக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், இந்த எஞ்சினில் அது தேவைப்படவில்லை. வயரைப் பழைய கிளிப்பில் மாட்டும்போது புல்லியிலும் பெல்ட்டிலும் படாமல் பார்த்துக்கொண்டேன்.

அதே வெயில், அதே சுற்று, அதே பத்து நிமிடம் மூடி வைத்தல். ஒரே சுற்றில் பிடித்தது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். எண்ணும் வந்தது.

எண்ணெய் குடிக்கிற கதை பாக்கி. கோட் எதுவும் இல்லை, அதனால் பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். நான் ஃபியூல் டிரிம் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஏர்ஃப்ளோ அளவை வைத்துப் பெட்ரோல் கணக்குப் போடுகிறது, ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்து அந்தக் கணக்கு கூடவா குறைவா என்று சொல்கிறது, சொன்னதற்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்தான் டிரிம். பூஜ்யத்துக்கு அக்கம்பக்கம் ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை. இந்தக் காடியில் சும்மா ஓடும்போது கூட்டல் 9, 2,500 சுற்றில் பிடித்து வைத்தால் கூட்டல் 20. கம்ப்யூட்டர் எப்போதும் தன் கணக்குக்கு மேல் பெட்ரோல் சேர்த்துக்கொண்டே இருக்கிறது.

இந்த இரண்டு எண்ணும் எந்தப் பக்கம் போகின்றன என்பதுதான் முக்கியம். எங்காவது ஹோஸ் கிழிந்து காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால் சும்மா ஓடும்போது டிரிம் அதிகமாக இருக்கும், சுற்று ஏறினால் குறையும், ஏனென்றால் மொத்தக் காற்று கூடும்போது அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு சின்னதாகிவிடும். இங்கே நேர்மாறு, சுற்று ஏற ஏற டிரிம் ஏறுகிறது. ஏர்ஃப்ளோ சென்சார் காற்றைக் குறைத்து அளக்கிறது, காற்று கூடினால் அந்தக் குறையும் கூடுகிறது. ஆக்ஸிஜன் சென்சாரையும் சந்தேகப்படாமல் விடக்கூடாது என்பதற்காக, எஞ்சின் சும்மா ஓடும்போது காற்று நுழையும் குழாய் ஓரத்தில் கார்ப் கிளீனர் ஒரு சொட்டு அளவுக்கு அடித்துப் பார்த்தேன், பக்கத்தில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு. உடனடி டிரிம் சட்டென்று கீழே இறங்கி, பிறகு திரும்பியது. பெட்ரோல் கூடினால் கூடியது என்று அது உடனே சொல்கிறது. தாளில் எழுதியிருந்த ஆக்ஸிஜன் சென்சார் நல்ல சென்சார், பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171 கோட் வராதது மட்டும்தான் பாக்கி, வந்திருந்தால் அதை இன்னும் அடித்துச் சொல்லி மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் காரணம் கண்ணிலேயே பட்டது. பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்திருந்தது, மூடி ஒரு பக்கம் சரியாக அமரவில்லை, ஃபில்டரைத் தாண்டிய பக்கத்திலும் செம்மண் பூச்சு. அந்தப் புழுதி நேராகப் போய் ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் ஒட்டியிருக்கிறது. கம்பியை மின்சாரத்தால் சூடாக வைத்து, காற்று அதை எவ்வளவு குளிரவைக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தச் சென்சார் அளக்கிறது, மேலே மண் போர்த்தியிருந்தால் குளிர்ச்சி குறையும், காற்று குறைவு என்று கணக்குப் போய்விடும்.

இரண்டு ஸ்குரூ கழற்றினால் சென்சார் கையில். அதற்கென்றே விற்கும் ஏர்ஃப்ளோ கிளீனரைத் தூரத்திலிருந்து பலமுறை அடித்தேன், வடிந்ததில் செம்மண் நிறம் தெரிந்தது. பஞ்சு, துணி, பல்துலக்கி எதையும் அந்தக் கம்பியில் வைக்கக் கூடாது, மிக மெல்லியது. கார்ப் கிளீனரும் பிரேக் கிளீனரும் வேண்டாம், பிளாஸ்டிக்கையும் உள் பூச்சையும் அரிக்கக்கூடும். நன்றாகக் காய்ந்தபிறகு மாட்டி, புது ஃபில்டர் போட்டு, உடைந்த கிளிப் இருந்த பக்கத்தை இப்போதைக்கு ஸ்டீல் கம்பிக் கிளாம்பால் இறுக்கிவிட்டேன். கம்ப்யூட்டரின் பழைய கணக்கை அழித்துச் சில நாள் அக்காவை ஓட்டவிட்டுத் திரும்பப் பார்த்தால், சும்மா ஓடும்போது டிரிம் கூட்டல் 2, 2,500 சுற்றில் கூட்டல் 4. காற்று அளவும் சும்மா ஓடும்போது நொடிக்கு 2 கிராமை ஒட்டி வந்துவிட்டது, 1.5 லிட்டர் எஞ்சினுக்கு அதுதான் சரி.

மொத்தச் செலவு, சென்சார், ஃபில்டர், ஸ்பிரே, வயர், குழாய் எல்லாம் சேர்த்து முந்நூறு வெள்ளிக்குள். கேம் சென்சாரை அளந்ததோடு சரி, குளிரில் 1,630 முதல் 2,740 ஓம் இருக்கவேண்டும், இருந்தது, அதைத் தொடவில்லை.

எலிக்கு உறுதியான மருந்து என்று எதையும் நான் சொல்லமாட்டேன். மிளகாய்க் காரம் ஏற்றிய வயர் டேப்பை ஹோண்டா விற்கிறது, அதை அந்த வளைவில் மட்டும் சுற்றியிருக்கிறேன். பள்ளியில் நிறுத்தும் இடத்தை மரத்தடியிலிருந்து சிமெண்ட் தரைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன், வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பழக்கொட்டை, நார், புழுக்கை ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பதை மாமா தன் வேலையாக எடுத்துக்கொண்டார். தோட்டத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம், இரண்டு நிமிட வேலை.

இனிமேல் பார்க்கவேண்டியது ஏர் ஃபில்டர் பெட்டி. கிளாம்ப் நிரந்தரமில்லை, மூடி வளைந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் புழுதி நுழையும். ஈப்போ ஹாஃப் கட் கடையில் அதே வருட வியோஸின் முழுப் பெட்டி வந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், அது வெறும் பிளாஸ்டிக், கிளிப் நான்கும் முழுசாக இருந்தால் பழையதே போதும். அதுவரை ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, சிவப்பு ஒட்டினால் எனக்கு ஃபோன் செய்யும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.